கூடத்துக்குச் சந்தனமா, வெளிர்பச்சையா?

பாளையங்கோட்டையில் எங்கள் கூடத்து ஜன்னல்கள் மேற்கில் இருக்கின்றன. தரை, தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டு. சுவருக்குச் சந்தன நிறமா, வெளிர்பச்சையா என்று இரண்டு வாரம் இழுபறியாக இருந்தது.

கடையில் நிற அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தீப்பெட்டி அளவில் சாதுவாகத் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பிரதிபலித்து அடர்ந்துவிடும். படுக்கையறையில் இளம் ரோஜா என்று நம்பி வாங்கியது அப்படித்தான் கண்ணை உறுத்தியது. நான்கு வருடம் அதோடு வாழ்ந்தேன்.

இரண்டு நிறத்திலும் இருப்பதிலேயே சிறிய டப்பா வாங்குங்கள். சுவரில் நேரே பூச வேண்டாம். பழைய நிறம் பக்கத்தில் இருந்தால் கண் அதோடு ஒப்பிட்டே பார்க்கும். பெரிய வெள்ளைச் சார்ட் அட்டையில், ஓரமாக இரண்டு விரல் அகலம் வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு அடியுங்கள். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், பெரும்பாலும் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் சற்று அடரும். மறுநாள் வரை பொறுங்கள்.

பிறகு அட்டைகளை ஜன்னலுக்கு எதிரே, ஜன்னல் பக்கம், இருண்ட மூலை என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். தரையை ஒட்டியும் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு விடை கிடைத்தது அங்கேதான். மாலை நாலரை மணி வெயில் சிவப்புத் தரையில் பட்டு எழும்பியபோது சந்தனம் செங்கல்பொடி தூவியதுபோல் ஆகிவிட்டது. வெளிர்பச்சையோ அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு சாம்பல் படர்ந்து அடங்கியது. வாசலில் வேப்பமரம் நிற்கும் வீட்டில் இதுவே தலைகீழாகலாம். இலைப்பச்சையும் வெளிச்சத்தோடு உள்ளே வரும்.

இரவில், வழக்கமாகப் போடும் விளக்கிலேயே பாருங்கள். பல்புப் பெட்டியில் ஒளியின் நிறம் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றால் மஞ்சள்.

அம்மா கூடத்தில்தான் செய்தித்தாள் படிப்பார். அதனால் வெளிச்சமும் முக்கியமாக இருந்தது. சில நிற அட்டைகளில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும்: 0 என்றால் ஒளியை முழுதும் விழுங்கும், 100 என்றால் முழுதும் திருப்பித் தரும். அறை இருட்டாக இருந்தால் எண் கூடிய நிறத்தின் பக்கம் சாயுங்கள். கடைசியில் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தே பச்சையை உறுதி செய்தோம்.

நிறம் எங்கும் ஒன்றுபோல் இருக்க, மொத்தப் பெயிண்டையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். டப்பாக்கள் பல என்றால், அடிக்கும் முன் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். நிற எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் ஆணி ஓட்டைகளை அடைக்கும்போது தேவைப்படும்.