ஒன் பீஸ் ஒடிசி: ஒன்பது பேர் கப்பலை நான்கு பேரை வைத்து ஓட்டாதீர்கள்

ஒன் பீஸ் ஒடிசி என்ற வீடியோ கேமை முதல் தடவை ஆடியபோது நான் செய்த காரியம் இதுதான். ஒன்பது பேர் கொண்ட கடற்கொள்ளைக் கும்பலில் லூஃபி, ஸோரோ, சாஞ்சி மூவரையும் முன்வரிசையில் நிறுத்தினேன், நாலாவது இடத்தை நாமிக்குக் கொடுத்தேன், உசோப் உட்பட மீதி ஐந்து பேரும் உப்புக்குச் சப்பாணி. கும்பல் முழுக்கக் கைக்கு வந்த பிறகும் அதே நால்வர்தான். மூலக்கதையான மாங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) பலசாலிகள் யாரென்று நமக்குத்தான் தெரியுமே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கிட்டத்தட்ட 15 மணி நேரம் அப்படியே போனது, ஒவ்வொரு சண்டையும் இழுவையாக இழுத்தது, கேம்தான் மொக்கை என்று நண்பனிடம் புலம்பவும் செய்தேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உசோப்பை எப்பதான் இறக்குவே?"

இந்த கேமில் பலரும் செய்யும் தவறுகளில் பாதி, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆடுவதால் வருவதுதான். மீதிப் பாதியையும் பார்த்துவிடலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எய்ச்சிரோ ஓடா 1997-லிருந்து வரைந்துகொண்டிருக்கும் மாங்காவை வைத்து, அதன் 25-ஆம் ஆண்டையொட்டி வந்த ஆர்பிஜி (பாத்திரங்களின் பலத்தை ஏற்றிக்கொண்டே கதைக்குள் போகும் வகை கேம்) இது. பண்டாய் நாம்கோ வெளியீடு, உருவாக்கியது ஐஎல்சிஏ, 2023 ஜனவரியில் வந்தது. புயல் சூழ்ந்த வாஃபோர்டு என்ற தீவில் கப்பல் உடைந்து லூஃபி கும்பல் கரை ஒதுங்குகிறது. அங்கே லிம் என்ற பெண் அவர்களுடைய சக்திகளையெல்லாம் பிடுங்கிக் கனசதுரங்களாக்கிச் சிதறடித்துவிடுகிறாள். அவற்றை மீட்க மெமோரியா என்ற நினைவு உலகத்துக்குள் போய், அலபாஸ்டா, வாட்டர் செவன், மரின்ஃபோர்டு, டிரெஸ்ரோசா ஆகிய பழைய இடங்களைத் திரும்ப ஒருமுறை வாழ வேண்டும். லிம், அடியோ என்ற இரண்டு புதுப் பாத்திரங்களும் ஓடாவே வடிவமைத்தவை.

அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, பட்டனைப் படபடவென்று தட்டி அடிக்கும் ஆக்‌ஷன் கேம் என்று நினைத்துப் பணத்தைப் போட்டவர்கள் நிறைய. இது அந்த வகை கிடையாது. நம் டர்ன், எதிரியின் டர்ன் என்று மாறி மாறிப் போகும் பழைய ஜப்பானிய பாணி ஆர்பிஜி, அதிலும் கொஞ்சம் மெதுவான ஆசாமி. கன்சோல்களில் டெமோ உண்டு, வாங்கும் முன் அதை ஒருமுறை ஆடிப் பாருங்கள். பேச்சு முழுக்க ஜப்பானிய மொழியில்தான், கீழே எழுத்தைப் படித்துக்கொண்டே ஆட வேண்டும் என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உசோப் விஷயம். இந்த கேமில் எல்லோருக்கும் ஒரு வகை உண்டு: பவர், ஸ்பீடு, டெக்னிக். பவர் ஸ்பீடை அடிக்கும், ஸ்பீடு டெக்னிக்கை அடிக்கும், டெக்னிக் பவரை அடிக்கும். லூஃபி பவர், ஸோரோ டெக்னிக், உசோப்பும் நாமியும் ஸ்பீடு. ஆக, எதிரில் டெக்னிக் வகை நண்டு ஒன்று நிற்கும்போது லூஃபியை விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், கும்பலின் தலைவனாகவே இருந்தாலும் அவன் அடி அதற்கு உறைக்காது, அது திருப்பி அடிப்பதுதான் இவனுக்கு வலிக்கும். உசோப் வந்து கவணை எடுத்தால் நண்டு சீக்கிரமே கவிழும். மாங்காவில் உசோப் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது.

சரி, வகை பார்த்து ஆளை மாற்றினால் டர்ன் வீணாகுமே என்பீர்கள். வீணாகாது! சண்டைக்கு நடுவிலேயே, வெளியே உட்கார்ந்திருப்பவரைத் தாராளமாக உள்ளே கொண்டுவரலாம், அதற்கு எந்த அபராதமும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கும் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளிகள், சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், திடீரென்று இறக்கினால் லெவல் பத்தாது என்ற பயமும் வேண்டாம். இவ்வளவு வசதி செய்து கொடுத்த பிறகும் அதே நால்வரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால் அது யார் தப்பு!

இதோடு ஒட்டி வரும் இன்னொரு தவறு, களத்தைக் கவனிக்காமல் விடுவது. சண்டை தொடங்கும்போது கேம் உங்கள் ஆட்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டுவிடும். ஸோரோ தனியாக ஒரு மூலையில் மூன்று எதிரிகளோடு நிற்பான், மற்ற மூவரும் வேறொரு பக்கம் ஒற்றை எதிரியைச் சுற்றி நிற்பார்கள். கிட்டே போய் அடிக்கும் ஆட்களால் தங்கள் பகுதியில் இருக்கும் எதிரியை முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. நாமி, உசோப் மாதிரி தூரத்திலிருந்து அடிப்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. ஸோரோவைச் சுற்றி நிற்பவை மூன்றுமே ஸ்பீடு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை அங்கேயே விட்டால் அடி வாங்கியே சாவான். அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லூஃபியை வைத்து, மூன்றையும் சேர்த்து அடிக்கும் ஸ்கில் (சிறப்பு அடி) ஒன்றைப் போட்டால், எதிரிக் கூட்டம் ஒரே வீச்சில் காலி. சில ஸ்கில்கள் எதிரியைப் பக்கத்துப் பகுதிக்கே தூக்கி எறியும், அதற்காகவே காத்திருந்து அடிப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. ஸ்கில் விவரத்தில் ஒருவரை அடிக்குமா, பகுதி முழுவதையும் அடிக்குமா, எவ்வளவு தூரம் எட்டும் என்று போட்டிருப்பதைப் படிக்காமல் அடியின் அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

அப்புறம் லெவல் ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சின்ன மிருகங்களை அடிப்பது. மற்ற ஆர்பிஜிக்களில் வந்த பழக்க தோஷம், இங்கே தேவையே இல்லை. சண்டைகளுக்கு நடுவில் டிராமாடிக் சீன் என்று ஒன்று அவ்வப்போது வரும். கும்பலில் ஒருவர் எதிரிகளிடம் சிக்கிக்கொள்வார், அவரைக் குறிப்பிட்ட டர்ன்களுக்குள் காப்பாற்ற வேண்டும், அல்லது ஒரு எதிரி பெரிய அடிக்குத் தயாராவான், அதற்கு முன் அவனைச் சாய்க்க வேண்டும். சொன்னதைச் செய்தால் கிடைக்கும் கூடுதல் எக்ஸ்பி கொஞ்சநஞ்சமில்லை, சாதாரணச் சண்டைகள் பலவற்றில் சேர்ப்பதை ஒரே அடியில் அள்ளிவிடலாம். எனவே அந்த அறிவிப்பு வந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதை முதலில் முடியுங்கள். நான் பல தடவை அதைப் படிக்காமலேயே பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டு, பிறகு லெவல் ஏறவில்லையே என்று காட்டில் ஓநாய் விரட்டிக்கொண்டிருந்தேன்.

டிபி-யைப் பூட்டி வைப்பதும் அதே பழக்க தோஷம்தான். ஸ்கில் போடச் செலவாகும் அந்தப் புள்ளிகளை, பெரிய பாஸ் (முக்கிய எதிரி) வரும், அப்போது வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்துச் சாதாரண அடியிலேயே காலம் தள்ளுகிறோம். இங்கே சாதாரண அடி அடித்தாலே டிபி திரும்ப ஏறும். இரண்டு பேர் சாதாரணமாக அடிக்க, இரண்டு பேர் ஸ்கில் போட, அடுத்த டர்னில் மாற்றிக்கொள்ள, வண்டி ஓடிவிடும். மொத்தத்தில் இது கடினமான கேமும் இல்லை. நீங்கள் சேமித்து வைத்த மருந்தெல்லாம் கடைசிச் சண்டை முடிந்த பிறகும் பையில் அப்படியே கிடக்கும், என் பையில் கிடந்தது. சண்டையை வேகமாக ஓட்டும் பட்டனும், ஆட்டோ சண்டையும் கேமிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்கில்லின் அனிமேஷனையும் ஐம்பதாவது தடவை முழுதாகப் பார்த்துவிட்டு இழுவை என்று திட்டுவதில் நியாயமில்லை.

வழியில் பொறுக்கும் கனசதுரத் துண்டுகளை வைத்து ஸ்கில்களை வலுவாக்கலாம். இதில் அகலக்கால் வைக்காதீர்கள். கையில் இருப்பதை ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட்டால் யாருடைய ஸ்கில்லும் உருப்படாது. ஒவ்வொரு வகையிலும், அதாவது பவர், ஸ்பீடு, டெக்னிக் மூன்றிலும், பகுதி முழுவதையும் அடிக்கும் ஒரு ஸ்கில்லைத் தேர்ந்தெடுத்து முதலில் அவற்றை ஏற்றுங்கள். மற்றவை தானாகக் காத்திருக்கும்.

ஆக்சசரி விஷயத்தில் என் கதை சிரிப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் கட்டம் போட்ட ஒரு பலகை உண்டு, பலம் கூட்டும் ஆக்சசரிகள் பல வடிவத்தில் இருக்கும், ஊருக்குப் போகும் முன் பெட்டியில் துணி அடுக்குவது போல இண்டு இடுக்கு விடாமல் அடுக்க வேண்டும். கும்பல் ஓய்வெடுக்கும் கேம்பில், கும்பலில் ஒருத்தியான ராபினிடம் கொடுத்தால் இரண்டை ஒன்றாக இணைத்துத் தருவாள், ஒன்றின் பலன் மற்றதில் சேரும், சேர்க்கக் கொடுத்தது போய்விடும். நான் எதை அடிப்படையாக வைக்கிறேன், எதைச் சேர்க்கக் கொடுக்கிறேன் என்று பார்க்காமல் அவசரத்தில் மாற்றி வைத்து, அதிகக் கட்டங்களை அடைக்கும் ஆகாத ஒன்றில், சின்னதாக இருந்த அருமையான ஒன்றைக் கரைத்துவிட்டேன். வைக்கவும் இடமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. சின்ன வடிவத்தை அடிப்படையாக வையுங்கள், பெரியதை அதற்குள் கரையுங்கள். இதைக் கற்றுக்கொள்ள ஒரு கேம்ப் முழுக்க வீணாக்க வேண்டியிருந்தது.

கேம்பைக் கடனே என்று தாண்டிப் போகாதீர்கள். அங்கே சாஞ்சி சமைப்பான், அந்தச் சாப்பாட்டைச் சண்டையில் பயன்படுத்தலாம். உசோப் எதிரி மேல் வீச உருண்டைகள் செய்து தருவான், பாஸ்களிடம் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. நானெல்லாம் பாதி கேம் வரை கடையில் மருந்து வாங்கியே பெலியை (அந்த உலகத்துக் காசு) கரைத்தேன், பையில் இறைச்சியும் காய்களும் மலை மாதிரி குவிந்து கிடந்தன.

ஊர் சுற்றும்போதும் லூஃபியாகவே ஓடிக்கொண்டிருப்பது இன்னொரு வழக்கம். அவனால் கையை நீட்டி உயரத்தில் தாவ முடியும், ஆனால் சிறு பொந்துக்குள் சாப்பர்தான் நுழைய முடியும், இரும்புக் கதவை வெட்ட ஸோரோ வேண்டும், சமையல் பொருள் சாஞ்சி கண்ணுக்குத்தான் படும், கீழே கிடக்கும் காசு நாமி கண்ணுக்கு. காசை நாமிதான் கண்டுபிடிப்பாள் என்று கேம் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

தொடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் சில மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் வந்து சேர்வார்கள், போ, பேசு, திரும்பி வா என்றே ஓடும். நிறையப் பேர் இங்கேயே கழற்றிவிட்டுப் போகிறார்கள். அலபாஸ்டா மணலில் கால் வைக்கும் வரையாவது இருங்கள். அதே சமயம், நடுவில் ஒரே தெருவில் நாலு தடவை ஓட வைப்பது பின்னாலும் தொடரும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. மொத்தமாக உட்கார்ந்து ஆடினால் கடுப்பாகும், நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆற அமர ஆடினால் தெரியாது.

கடைசியாக ஒன்று, இதுதான் திருத்தவே முடியாத தவறு: கதை தெரியாமல் இதற்குள் போவது. டிரெஸ்ரோசா வரை, அதாவது மாங்காவில் 801-ஆம் அத்தியாயம் வரை படித்திருக்க வேண்டும், அல்லது அனிமேயில் அந்தப் பகுதி வரை பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வருடக்கணக்கில் ஓடா கட்டியெழுப்பிய திருப்பங்களை மெமோரியா போகிற போக்கில் போட்டு உடைத்துவிடும். அதைவிட, நினைவு மாறியிருப்பதன் சுவையே பிடிபடாது. அலபாஸ்டாவில் வில்லன் குரோகடைலின் பக்கம் நின்ற ராபின் இப்போது கும்பலோடு சேர்ந்து அதே பாலைவனத்தில் நடக்கிறாள் என்பது, தெரிந்தவனுக்குத்தான் உறைக்கும். மரின்ஃபோர்டில் அன்றைக்கு லூஃபி தன் கும்பலில் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல் ஓடினான். இங்கே எட்டு பேரும் அவனோடு வருகிறார்கள். அங்கே போய்ச் சேரும்போது அந்த எட்டு பேரில் ஐவர் உங்கள் முன்வரிசைக்கே வராமல் சும்மா உட்கார்ந்திருந்தால், அந்தக் காட்சியே பாதிதான்.