இதயச் சுழற்சி: இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) அழுத்த வளையத்தை வரைந்து புரிந்துகொள்ள

சிஸ்டோல் (சுருங்கும் கட்டம்), டயஸ்டோல் (தளர்ந்து நிரம்பும் கட்டம்) என்று கட்டங்களை மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். வரைந்து பார்த்தால், எந்த வால்வு ஏன் அப்போது திறக்கிறது என்பது பிடிபடும்.

வரைபடத்தாளில் கிடை அச்சில் கொள்ளளவு (0–150 மி.லி.), செங்குத்து அச்சில் அழுத்தம் (0–140 மி.மீ. பாதரசம்). எண்கள் ஓய்விலிருக்கும் பெரியவருக்கான தோராயம்.

படி 1: 120 மி.லி., 10 மி.மீ.யில் புள்ளி வையுங்கள். வெண்ட்ரிக்கிள் நிரம்பிவிட்டது. சுருங்கத் தொடங்கியதுமே உள்ளழுத்தம் ஏட்ரியத்தின் (மேலறையின்) அழுத்தத்தை மிஞ்ச, இரண்டுக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு மூடும். ‘லப்’ ஒலி இங்கேதான்.

படி 2: நேர் மேலே 80 வரை கோடு. பலர் இதைச் சாய்த்து வரைவார்கள். உள்வழியில் ஈரிதழ் வால்வு, வெளிவழியில் பெருந்தமனி வால்வு, இரண்டும் மூடியிருக்க ரத்தம் எங்கே போகும்? கொள்ளளவு துளியும் மாறாது.

படி 3: பெருந்தமனியில் காத்திருக்கும் அழுத்தம் 80. அதைத் தாண்டினால்தான் பெருந்தமனி வால்வு திறக்கும். கோட்டை இடப்பக்கம் வளைத்து, 120 உச்சத்தைத் தொட்டு, 50 மி.லி., 100 மி.மீ.யில் இறக்குங்கள். வால்வு மூடும், ‘டப்’. வெளியேறியது 70 மி.லி. வெண்ட்ரிக்கிள் ஒருபோதும் முழுக்கக் காலியாவதில்லை. 70ஐ 120ஆல் வகுத்தால் 58 சதவீதம். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் வரும் ‘இ.எஃப்.’ (ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) இதுதான்.

படி 4: நேர் கீழே 5 வரை. மறுபடி இரு வால்வும் மூடிய நிலை, ஆனால் தசை தளர்கிறது.

படி 5: ஈரிதழ் வால்வு திறக்கிறது. தொடக்கப் புள்ளிவரை கிடை அச்சை ஒட்டிய கோடு. ஏட்ரியம் அழுத்தித்தான் வெண்ட்ரிக்கிள் நிரம்புகிறது என்று நினைக்க வேண்டாம்; பெரும்பகுதி தானாகவே பாய்ந்துவிடும். கடைசி 0.1 வினாடியில் ஏட்ரியம் தள்ளுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஏட்ரியம் ஒழுங்கின்றித் துடிக்கும்போது இழப்பது இதைத்தான். விறைத்துப்போன வெண்ட்ரிக்கிளுக்கு அது பெரிய இழப்பு.

வளையம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இதில் நேரம் தெரியாது என்பதால் ஓரத்தில் எழுதிவையுங்கள்: நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சி 0.8 வினாடி, சிஸ்டோல் 0.3, டயஸ்டோல் 0.5. துடிப்பு கூடினால் அதிகம் குறைவது டயஸ்டோலின் நேரம்தான். நிரம்ப நேரமில்லாமல் போவது மட்டுமல்ல, இதயத் தசைக்கே ரத்தம் பாயும் நேரமும் குறையும்.

வலது வெண்ட்ரிக்கிளுக்கும் இதே கட்டங்கள், இதே 70 மி.லி. அகலம். அழுத்தம் மிகக் குறைவு, உச்சம் ஏறத்தாழ 25.