நாய்க்குக் கடித்து மெல்லக் கொடுப்பதில் நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் நாய் முத்து மூன்றாவது தடவை வாந்தி எடுத்தபோதுதான், காலையில் அவளுக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளை எலும்பு ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, பார்க்க நிஜ எலும்பு மாதிரியே இருக்கும். "பல்லுக்கு நல்லது, ஒரு வாரம் வரும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மத்தியானமே முடிச்சு அவிழ்ந்து, ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழவென்று வாயிலிருந்து தொங்கியது. நான் பிடுங்கப் போனேன், எங்கே பறித்துக்கொள்வேனோ என்று மொத்தத்தையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டாள். கடைசியில் எண்டோஸ்கோப் விட்டுத்தான் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். குடலுக்குள் இறங்கியிருந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர்.

நான் செய்த தவறு இதுதான். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேனே தவிர, கடைசித் துண்டு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. இங்கே பெங்களூர் அல்சூரில் நாய் வளர்க்கிற தெரிந்தவர்களிடம் பேசிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் அந்த வெள்ளை எலும்பு. அது எலும்பே இல்லை, மாட்டுத்தோல். ரா ஹைடு என்பார்கள். தோலின் மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போய்விட, மிஞ்சும் உள் அடுக்கைச் சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சில இடங்களில் வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, முறுக்கிக் காயவைக்கிறார்கள். துண்டாக உள்ளே போனால் ஊறி உப்பும், சீக்கிரம் செரிக்காது. 2017-ல் அமெரிக்காவில் சில ரா ஹைடு பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழுவப் பயன்படும் கிருமிநாசினியை, தோலைப் பதப்படுத்தவே கலந்திருந்தார்கள் என்பதுதான் காரணம். எங்கள் வீட்டில் இனி இது கிடையாது, என்னைக் கேட்டால் உங்கள் வீட்டிலும் வேண்டாம்.

அடுத்தது வெந்த எலும்பு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டதும் பக்கத்து வீட்டு அக்கா தட்டில் மிஞ்சியதை அப்படியே கேட் வழியாக முத்துவுக்கு நீட்டுவார். எவ்வளவு பிரியமாகக் கொடுப்பார் தெரியுமா, அதனால் சொல்லவே சங்கடமாக இருந்தது. ஆனால் வேகவைத்த எலும்பு கடித்தால் ஊசி ஊசியாக உடையும், தொண்டையிலிருந்து குடல்வரை எங்கே வேண்டுமானாலும் குத்தும். அதில் ஒட்டியிருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை, கொழுப்பு கணையத்தைக் கெடுக்கும். கடையில் பாக்கெட்டில் விற்கிற, சுட்டும் புகையிட்டும் பதப்படுத்திய எலும்புகளும் சாது இல்லை. 2010 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர் வரை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு அவற்றைப் பற்றி மட்டும் சுமார் 68 புகார்கள் வந்தன, ஏறக்குறைய 90 நாய்கள் பாதிக்கப்பட்டு 15 நாய்கள் இறந்ததாகத் தகவல். "எங்க பாட்டி காலத்துல எல்லாம் எலும்பு போட்டுத்தானே வளர்த்தாங்க" என்று அக்கா கேட்டார். வளர்த்தார்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்துச் செத்துப்போனால், ஏன் என்று யாரும் பார்க்கவில்லையே அக்கா என்றேன். இப்போது எலும்பில்லாத, மசாலா போடாத வெறும் வேகவைத்த சிக்கனைத் தனியாக எடுத்துவைத்துக் கொடுக்கிறார்.

சரி, உடையாத, கெட்டியான பொருள் என்றால் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. மான் கொம்பு, காய்ந்த மாட்டுக் குளம்பு எல்லாம் நாயின் பல்லைவிடக் கெட்டி. மேல்வரிசையில் பக்கவாட்டில் இருக்கிற பெரிய கடைவாய்ப் பல்தான் முதலில் சில்லாகப் பெயரும், நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறுபக்கத்தால் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். (நம் நாட்டு மானின் கொம்பை விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.) வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது தடம் பதிய வேண்டும். பதியவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

யாக் சீஸ் என்று விற்கிறார்களே, அது இமயமலைப் பக்கத்து சுர்பி. பாலைத் திரித்துப் பிழிந்து காயவைத்தது, உள்ளே இருப்பது சாப்பாடுதான். ஆனால் அதுவும் கல் மாதிரி இருக்கும், ஆவேசமாகக் கடிக்கிற நாய்க்கு நான் கொடுக்க மாட்டேன். மெதுவாகக் கடிக்கிற நாய் என்றால், கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்ததும் வாங்கிவிடுங்கள். அதைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் முக்கால் நிமிஷம் வைத்தால் பொரி மாதிரி உப்பிவிடும். நன்றாக ஆறவிட்டு உடைத்துக் கொடுங்கள், கடைசித் துண்டும் வீணாகாது, தொண்டையிலும் சிக்காது.

வாங்கிவிடுங்கள் என்றேன், பிடுங்குங்கள் என்று சொல்லவில்லை. பிடுங்கினால் விழுங்கும். கையில் ஒரு சிக்கன் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் கொடுங்கள், போட்டியிலும் அப்படித்தான் விழுங்கும். பக் நாய்க்கு வாங்கிய சின்னக் குச்சியை லேப்ரடாருக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டுப் பொருள்தானே என்று மாங்கொட்டை, தின்றுபோட்ட மக்காச்சோளக் கட்டை இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் குடலில் அப்படியே அடைத்துக்கொள்ளும். பீநட் பட்டர் தடவிக் கொடுப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற ஓர் இனிப்பு) என்று இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

புல்லி ஸ்டிக் என்பது காளையின் குறியைக் காயவைத்தது. செரிக்கும், ஆனால் அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருப்பதாக 2013-ல் ஒரு ஆய்வு சொன்னது. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும், நொறுக்குத்தீனியெல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. ஆறு அங்குலக் குச்சி ஒன்றே அதைத் தாண்டிவிடலாம். முத்துவுக்கு இப்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளவாக்கில் அரிந்து, ஓவனில் குறைந்த சூட்டில் நாலைந்து மணிநேரம் உலர்த்தி, தோல் மாதிரி வளைகிற பதத்தில் எடுத்துத் தருகிறேன். மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒருவேளை விழுங்கிவிட்டு வாந்தி, சோர்வு, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, முக்கியும் மலம் வராதது என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம், அது இன்னொரு ஆபத்து. என்ன தின்றதோ அதன் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முத்துவின் எக்ஸ்ரேயில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை, ரா ஹைடு அதில் எலும்பு மாதிரி பளிச்சென்று விழாது. பாக்கெட்டில் மிச்சமிருந்த இன்னொரு எலும்பை மேஜைமேல் வைத்த பிறகுதான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.