எமல்ஷன் பெயின்டில் அடிட்டிவ்: எதை, எப்போது, எவ்வளவு

எமல்ஷன் பெயின்ட் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் பைண்டர் (பவுடர்களை ஒட்டிப் படலமாக்கும் பொருள்) எது, டைட்டானியம் (வெள்ளை நிறம் தரும் பவுடர்) எவ்வளவு என்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ஒரு கிலோ பெயின்டில் அடிட்டிவ் (சிறிய அளவில் சேர்க்கும் துணைப்பொருள்கள்) எல்லாம் சேர்த்தாலும் 40 கிராம்தான் வரும், ஆனால் நுரை, கட்டி, நாற்றம், வெடிப்பு என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை அந்த 40 கிராமில்தான் போய் முடிகின்றன. உள்சுவருக்கான சாதாரண மேட் பெயின்டை ஒரு கிலோ அளவுக்குச் செய்வதை வைத்தே சொல்கிறேன்.

தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். டிரில் மெஷினில் பல் வைத்த டிஸ்க் மாட்டிக்கொள்ளுங்கள், டிஸ்க்கின் விட்டம் பாத்திரத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். மிக்ஸி வேண்டாம், அது காற்றை உள்ளே அடித்து நுரையாக்கிவிடும். தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம், பவுடரைப் பிரித்து வைக்கும் டிஸ்பர்சன்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பவுடர் சரியாகப் பிரியாது.

முதலில் திக்னர், அதாவது பெயின்டைக் கெட்டியாக்கும் பொருள். எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது இந்தக் கட்டம்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். 230 கிராம் தண்ணீரில் 3 கிராம் எச்இசி (ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ்) பவுடர் கரைய வேண்டும். அப்படியே கொட்டினால் கட்டி கட்டியாக ஆகிவிடும். கட்டியின் வெளிப்பக்கம் வழவழவென்று ஜெல்லாகி, உள்ளே காய்ந்த பவுடர் அப்படியே மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் கரையாது, சுவரில் ரோலர் ஓட்டும்போதுதான் கண்ணில் படும்.

பெயின்டுக்கென்று விற்கும் எச்இசியில் பெரும்பாலானவை, தண்ணீரில் உடனே ஊறாதபடி மேற்பூச்சு கொடுத்தவை. பிஎச் 7 பக்கம் இருக்கும்வரை அந்தப் பூச்சு தாக்குப்பிடிக்கும், காரம் ஏறியதும் விட்டுவிடும். ஆகவே தண்ணீரில் வேறு எதையும் சேர்க்காமல் மிதமான வேகத்தில் சுற்றவிட்டு, சுழலின் ஓரத்தில் டீ வடிகட்டியால் பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் கலங்கலாக, நீர்த்தபடியே இருக்கும். பவுடர் முழுதும் பிரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளியும், சுழல் மெல்ல மூடிக்கொள்ளும், டிரில்லின் சத்தமே கனத்துவிடும். பிஎச் பட்டையில் 8.5 முதல் 9 வரை காட்டினால் சரி. அம்மோனியாவையோ டிஸ்பர்சன்ட்டையோ முதலில் ஊற்றிவிட்டுப் பவுடரைத் தூவினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீரே காரமாக இருந்தாலும் இதே கதிதான். மேற்பூச்சு இல்லாத எச்இசிதான் கிடைத்தது என்றால், 15 கிராம் புரொப்பிலின் கிளைக்காலில் பவுடரைக் குழைத்து அந்தக் குழம்பைத் தண்ணீரில் ஊற்றுங்கள், கிளைக்காலில் எச்இசி கரையாது என்பதால் கட்டி பிடிக்காது.

அப்புறம் வேலை வேகமாகப் போகும். டிஸ்பர்சன்ட் 6 கிராம், வெட்டிங் ஏஜென்ட் (பவுடரை நனைய வைப்பது) 2, கிளைக்கால் 15 (மேலே குழைக்கப் பயன்படுத்தியிருந்தால் மறுபடி வேண்டாம்), டிஃபோமர் (நுரையை அடக்குவது) 1.5, பயோசைட் (கிருமிகளைக் கொல்வது) 2. டிஃபோமர் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள், அதிலுள்ள சிலிக்கா அடியில் தங்கியிருக்கும். பயோசைடைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது, தோல் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் விடாது.

இனி பவுடர்கள்: ரூட்டைல் டைட்டானியம் 150, கால்சைட் 180, சைனா கிளே 70. ஆலைகளில் டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும். நம்முடைய 7 செ.மீ. டிஸ்க்கை நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓட்டினாலும் 10 மீட்டர்தான் கிடைக்கும், அதனால் கூடுதல் நேரம் சுற்ற வேண்டும். பவுடர் எவ்வளவு நைசாக அரைந்தது என்று காட்டும் ஹெக்மன் கேஜில் 5 வந்தால் மேட் பெயின்டுக்குப் போதும்.

சூடு தணிந்ததும் வேகத்தைக் குறைத்து 220 கிராம் ஸ்டைரீன் அக்ரிலிக் எமல்ஷனை (இதுதான் பைண்டர்) ஊற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எமல்ஷன் உடைந்து திரிந்துபோகும். பைண்டர் துகள்களை ஒன்றாக ஒட்டவைக்கும் கோயலசிங் ஏஜென்ட் 8 கிராமையும் மெல்லிய தாரையாகவே விட வேண்டும். கடைசியில் இன்னொரு 1.5 கிராம் டிஃபோமர், மீதித் தண்ணீர்.

டிஃபோமரை இரண்டாகப் பிரித்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. முதலில் போட்டது அரைக்கும்போதே பவுடருக்குள் பரவி வலு இழந்துவிடும், எமல்ஷன் சேர்த்த பிறகு வரும் நுரைக்குப் புதிதாகத் தேவை. நுரை தெரிகிறதே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், பூசிய சுவரில் சின்னச் சின்னக் குழிகள் விழும். மேட் பெயின்டுக்கு மினரல் ஆயில் வகையே என் தேர்வு. சிலிகான் வகை வேகமாக வேலை செய்யும், ஆனால் துளி கூடினாலும் குழி போட்டுவிடும். மறுநாள் ஒரு சிமென்ட் ஷீட்டில் ரோலர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அன்றைக்குப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்விகள் வந்தபின் சேர்த்தது: வாளியில் வைத்த பெயின்ட் சில வாரங்களில் தண்ணீராகி நாறுகிறது, இப்போது பயோசைட் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பயனில்லை. பாக்டீரியா விட்ட நொதி எச்இசியின் சங்கிலியை ஏற்கெனவே வெட்டிவிட்டது. பாக்டீரியா செத்தாலும் அந்த நொதி உள்ளேயே இருந்து, புதிதாகப் போடும் எச்இசியையும் வெட்டும். விசாரித்ததில் பாத்திரம் கழுவிய தண்ணீரை அடுத்த பேட்சில் ஊற்றியிருக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டும். பிஎச்சையும் பாருங்கள்: சிஎம்ஐடி என்ற வகை பயோசைட் பிஎச் 9க்கு மேல் போனால் சிதையும், அம்மோனியாவைத் தாராளமாக ஊற்றுபவர்கள் பிஐடி என்ற இன்னொரு வகை பயோசைட் வாங்குவது நல்லது.

இன்னொன்று கொடைக்கானலிலிருந்து: இதே அளவில் செய்த பெயின்ட் டிசம்பரில் வெடித்து, தொட்டால் பவுடராக உதிர்கிறதாம். இந்த வகை பைண்டர்கள் பலவற்றின் துகள்கள் சுமார் 20 டிகிரிக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகாது, ஒட்டவைப்பது கோயலசிங் ஏஜென்ட்தான். மலைக்குக் கொண்டுபோகும் பெயின்டில் அதை 12 கிராமாக ஆக்குங்கள், வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து மதியத்துக்குள் பூசி முடித்துவிடுங்கள்.