குன்னூர் அந்தக் கோட்டில் இருக்கிறதா? பிரிவுச் சூத்திரம், அடியிலிருந்து

ஒரு கோட்டுத்துண்டைக் கொடுத்த விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் பிரிவுச் சூத்திரம். குன்னூரில் என்னிடம் டியூஷன் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கணக்கைக் கொடுத்தால்தான் விகித எண்கள் இடம் மாறிவிடும். அதனால் சூத்திரத்தைச் சற்று ஓரமாக வையுங்கள்.

முதலில் பங்கு பிரிப்போம்

ஏ(2, 1), பி(12, 6) என்று இரண்டு புள்ளிகள். ஏபி என்ற கோட்டுத்துண்டை 3:2 என்ற விகிதத்தில் உட்புறமாகப் பிரிக்க வேண்டும். மொத்தம் 5 பங்கு. ஏ-யிலிருந்து கிளம்பி 3 பங்கு தூரம் போனால் நாம் தேடும் புள்ளி.

எக்ஸ் 2-லிருந்து 12 வரை போகிறது, வித்தியாசம் 10. அதில் ஐந்தில் மூன்று பங்கு 6. ஆக 2 + 6 = 8. ஒய்யின் வித்தியாசம் 5, அதில் ஐந்தில் மூன்று பங்கு 3. ஆக 1 + 3 = 4. விடை (8, 4). அவ்வளவுதான்!

இப்போது சூத்திரம்

விகிதம் எம் : என் என்றால், 'எம்'-ஐ பி-யின் எண்ணோடும் 'என்'-ஐ ஏ-யின் எண்ணோடும் பெருக்கிக் கூட்டி, எம் + என் ஆல் வகுக்க வேண்டும்.

எக்ஸ் = (3 × 12 + 2 × 2) ÷ 5 = 8
ஒய் = (3 × 6 + 2 × 1) ÷ 5 = 4

எம் ஏன் எதிர்முனைக்குப் போகிறது? ஏ-யை விட்டு 3 பங்கு விலகி வந்துவிட்டோம், பி-க்கு 2 பங்குதான் பாக்கி. அருகில் இருக்கும் பி-க்குத்தான் பெரிய எண் சேரும். மாற்றிப் போட்டால் (6, 3) வரும். அது ஏ-க்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததுமே தப்பு தெரிந்துவிடும்.

விகிதம் 1:1 என்றால் நடுப்புள்ளி. புள்ளி கோட்டுத்துண்டுக்கு வெளியே விழும் வெளிப்புறப் பிரிவுக்கு 'என்'-ஐ மைனஸாக்கினால் போதும்.

மலை ரயிலில் ஒரு சோதனை

தூரம் கிலோமீட்டரில் எக்ஸ், உயரம் மீட்டரில் ஒய். மேட்டுப்பாளையம் சுமாராக (0, 330), ஊட்டி (46, 2200). இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் குன்னூர் அதில் வருமா? குன்னூர் 28-வது கிலோமீட்டரில் வருகிறது. 28:18, அதாவது 14:9.

ஒய் = (14 × 2200 + 9 × 330) ÷ 23 = 33770 ÷ 23, கிட்டத்தட்ட 1468.

ஆனால் குன்னூரின் உயரம் சுமார் 1710 மீட்டர்! கணக்கில் பிழை இல்லை. குன்னூர் அந்த நேர்கோட்டில் இல்லை, மேலே இருக்கிறது.

இதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். புள்ளி கோட்டின் மேல் இருந்தால் எக்ஸிலும் ஒய்யிலும் ஒரே விகிதம் வரவேண்டும். தூரத்தில் 14:9, அதாவது ஏறக்குறைய 1.6 மடங்கு. உயரத்தில் (1710 − 330) : (2200 − 1710) = 1380 : 490, ஏறக்குறைய 2.8 மடங்கு. இரண்டும் ஒட்டவில்லை. ஒரு புள்ளி கோட்டில் இருக்கிறதா என்று கேட்கும் கணக்குகளுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

காரணம் தண்டவாளத்திலேயே இருக்கிறது. கல்லாறு வரை கிட்டத்தட்ட சமதரை. அங்கிருந்து குன்னூர் வரை 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏற்றம். அதற்காகத்தான் நடுவில் பல் தண்டவாளம். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அதற்கு மேல் ஊட்டி வரை 18 கிலோமீட்டருக்கு உயர வித்தியாசம் வெறும் 490 மீட்டர்தான்.