கலாத்தியர் நிருபமும் கிருபையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருபையைப் பற்றி, அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவைப் பற்றி, பேசாத பிரசங்கம் நம் சபைகளில் அபூர்வம். ஆனாலும் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற பலருக்கு, ஆண்டவர் தங்கள்மேல் கோபமாக இருக்கிறாரோ என்கிற பயம் போவதே இல்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தைப் பொறுமையாக வாசித்தால் அந்தப் பயத்தில் பாதி கரைந்துவிடும் என்று நம்புகிறேன். அதற்குக் குறுக்கே நிற்பவை, நாம் பழகிப்போன சில தவறான வாசிப்புகள்தான்.

முதல் தவறு, சண்டை எதைப் பற்றியது என்று தெரியாமலே வசனங்களை எடுத்துப் பேசுவது. கலாத்தியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்தது. அங்கே யூதரல்லாத பலர் பவுலின் சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசித்தார்கள். அப்புறம் வந்த சிலர், "கிறிஸ்துவை நம்பினது சரி, விருத்தசேதனமும் பண்ணிக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு அது. அதாவது, தேவனுடைய குடும்பத்துக்குள் வர கிறிஸ்து மட்டும் போதாது என்றார்கள். பவுல் கொதித்தது இதற்காகத்தான்.

அந்தியோகியாவில் நடந்ததையும் அவர் அதே மூச்சில் சொல்கிறார். பேதுரு முதலில் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்தப் பக்கம் இழுபட்டார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கண்டித்தார். நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிற 2:16, மனிதன் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் (தேவன் முன் நீதியுள்ளவனாக ஏற்கப்படுகிறான்) என்கிற வசனம், இந்தச் சாப்பாட்டுச் சண்டையை ஒட்டித்தான் வருகிறது.

இதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கவனிக்காமல் விட முடியாது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூர் போன்ற இடங்களில் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலை லுத்தரன் மிஷனரிகளிடம் தலைமுறைகளாகக் கற்ற சபைகளில்தான் இது நடந்தது. கிருபை என்றால் என் ஆத்துமாவுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான தனிக் கணக்கு மட்டும் என்று சுருக்கினால், பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற பழைய சட்டம் அப்படியே பிழைத்துக்கொள்கிறது. இந்தத் தவறுகளிலேயே இதுதான் நமக்கு அதிகச் சேதம் செய்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பழைய ஏற்பாடு முழுக்கச் சட்டம், புதிய ஏற்பாடு முழுக்கக் கிருபை என்று பிரித்துப் பேசுவது. யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள். "உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினேன்" என்பது முதலில் வருகிறது, கட்டளைகள் அதற்குப் பிறகுதான். இஸ்ரவேலர் பத்துக் கட்டளைகளைக் கைக்கொண்டு காட்டியதால் எகிப்திலிருந்து விடுதலையாகவில்லை. நியாயப்பிரமாணம் (மோசே மூலம் வந்த சட்டம்) பரிசுத்தமானது என்று ரோமர் 7-இல் எழுதியவரும் இதே பவுல்தான். யூதர்களைக் கிருபையே அறியாத ஜனமாகச் சித்திரிக்கும் பிரசங்கங்கள் பவுலுக்கு நியாயம் செய்யவில்லை.

"கிருபையிலிருந்து விழுந்துவிட்டான்" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். குடிக்கு அடிமையானவரையோ, சபைக்கு வராமல் நின்றுபோன பெண்ணையோ பற்றிச் சொல்வார்கள். கலாத்தியர் 5:4-ஐ நிதானமாக வாசியுங்கள். பவுல் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார்? நியாயப்பிரமாணத்தினால் நீதிமான்களாக விரும்புகிறவர்களைப் பார்த்து. ஒழுக்கம் தவறியவர்களைப் பற்றிய பேச்சே அந்த இடத்தில் இல்லை. தவறிய ஒருவரைக் கண்டால் சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே எழுதுகிறார். யாரை எச்சரிக்க எழுதப்பட்ட வசனத்தை யார்மேல் வீசுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிடுவது இதைவிட வேதனையானது. பிள்ளைக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று அழும் தாயிடம், "உங்க விசுவாசம் போதாது சிஸ்டர்" என்கிறார்கள். அந்தத் தாய் இனி தன் விசுவாசத்தை அளந்து அளந்து சாக வேண்டும். மாற்கு 9-இல் ஒரு தகப்பன் இயேசுவிடம், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று கதறுகிறான். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. மகன் சுகமானான். விசுவாசம் என்பது நாம் கட்டுகிற விலை அல்ல, வாங்குவதற்கு நீட்டுகிற வெறுங்கை.

சுதந்தரம் வந்துவிட்டது, இனி எப்படியும் வாழலாம் என்பவர்களுக்கு ரோமர் 6-இன் முதல் இரண்டு வசனங்களே போதும்: கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா? கூடாதே. நீட்டி எழுதத் தேவையில்லை. ஆனால் சுதந்தரத்தையே புதுச் சட்டமாக்குகிறவர்களும் உண்டு. லெந்து (தவக்கால) நாட்களில் உபவாசம் இருப்பவரையும், நகை போடாமல் இருப்பவரையும் "இன்னும் சட்டத்துக்குள் கிடக்கிறார்கள்" என்று இளப்பமாகப் பேசுவார்கள். பவுல் அப்படி நடக்கவில்லை. தம் உடன் ஊழியனான தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்தியபோது இணங்கவில்லை. இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கோ, அவன் ஊர்ப் பக்கத்து யூதர்களின் நிமித்தம் தாமே செய்வித்தார். அன்புக்காகச் செய்வது வேறு, இரட்சிப்புக்கு நிபந்தனை என்று திணிப்பது வேறு. நகையைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம் என்று யாராவது சொன்னால், அப்போது தீத்துவின் பக்கம் நிற்க வேண்டும்.

கடைசியாக, விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று தம் நிருபத்தில் எழுதிய யாக்கோபைப் பவுலுக்கு எதிரியாக நிறுத்துவது. ஆபிரகாம் விசுவாசித்து நீதிமானாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-இல், விருத்தசேதனத்துக்கும் முன்பே. பவுல் அதைப் பிடித்துக்கொள்கிறார். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது 22-ஆம் அதிகாரத்தில். அந்த விசுவாசம் வருஷங்கள் கழித்து எப்படி நடந்துகொண்டது என்று யாக்கோபு காட்டுகிறார். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்று பவுலே கலாத்தியர் 5:6-இல் எழுதியிருக்கிறாரே! 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டபோதும் இதைத்தான் ஒத்துக்கொண்டன: கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்கிரியைகள் அதன் கனியாக வருகின்றன.

கலாத்தியரும் யாக்கோபும் சேர்ந்து 11 அதிகாரம்தான். ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிடலாம்.