பிபிக்கு உப்பும் தண்ணீரும்: தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறுகள்

ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிபி என்று தெரிந்த அன்றே வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். பிபி நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு சில தவறுகள்.

தண்ணீர் குடித்து உப்பைக் கழுவப் பார்ப்பது

நிறையத் தண்ணீர் குடித்தால் சாப்பிட்ட உப்பு சிறுநீரில் போய்விடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், அடுத்த வாரம் இன்னொருவர் அதே வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார்.

உப்பு கூடினால் அதிலுள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறும். இதுவரை சரி. ஆனால் சோடியத்தையும் தண்ணீரையும் எவ்வளவு வெளியேற்றுவது என்பதைச் சிறுநீரகம் தனித்தனியாக, வெவ்வேறு ஹார்மோன்கள் வழியாக முடிவு செய்கிறது. கூடுதலாகக் குடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். சாப்பிட்ட உப்பை அது இழுத்துக்கொண்டு போகாது.

பலன் இல்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சிறுநீரைக் கூட்டும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, இது ஆபத்து. அந்த மாத்திரை சோடியத்தை வெளியே தள்ளும். மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றும் திறனையும் குறைக்கும். கூடவே உப்பில்லாக் கஞ்சியும் நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சித்திரை வெயிலில் ஒரு அம்மாவை அப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகக் குமட்டல், சோர்வு. அன்று காலையில் மகளையே அடையாளம் தெரியவில்லை. பக்கவாதம் என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். 135-க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 114. நல்லவேளை, உப்பைக் கரைத்துக் கொடுக்காமல் நேரே வந்தார்கள். சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் சேதமாகும். மருத்துவமனையில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து மெதுவாகத்தான் ஏற்ற முடியும். பிபி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர், உப்பைக் கறாராகக் குறைத்தவர், யாரோ முகம் தெரியாதவர் பேச்சைக் கேட்டு ஐசியூவில் கிடந்தார்.

உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிபி மருந்தோடு ஒரே மாத்திரையில் குளோர்தாலிடோனோ ஹைட்ரோகுளோரோதயசைடோ சேர்ந்திருக்கக்கூடும். இருந்தால் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும்.

பயந்துபோய்த் தண்ணீரையே குறைப்பது

இதுவும் கூடாது. இதய, சிறுநீரக நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு.

இந்துப்புக்கு மாறுவது

சாதா உப்பைப் போல அதுவும் சோடியம் குளோரைடுதான்.

‘லோ சோடியம்’ உப்பைக் கேட்காமல் வாங்குவது

சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு நல்லது, பிபியும் குறையும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கடை.

களைப்புக்கு ஓஆர்எஸ்

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இந்த உப்பு-சர்க்கரைப் பொடியில், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு. வயிற்றுப்போக்குக்கு அது மருந்து. சும்மா களைப்புக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் போடுவதை மட்டும் கணக்கில் வைப்பது

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இட்லி மாவு, சட்னி, பிஸ்கட், மிக்சர் எல்லாம் இதற்குள் அடக்கம். கரண்டியால் அளப்பது நாலு நாளில் விட்டுப்போகும். அதைவிட, உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதிவையுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ, 50 நாளாவது வர வேண்டும். கடையில் வாங்கித் தின்பதிலும் உப்பு இருப்பதால், அதற்கு மேலும் வந்தால்தான் கணக்கு சரி. முப்பது நாளில் தீர்கிறது என்றால் குழம்பிலும் ரசத்திலும் இன்னும் கை வைக்க வேண்டும்.